வாசலில் அழகு இருக்கு, உட்கார இடம் இருக்கா?

போன தை மாதம் என்னுடன் படித்த தோழி ஒருத்தியின் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன். வீடு என்றால் அப்படி ஒரு வீடு! உள்ளே காலெடுத்து வைக்கும் முன்பே வாசல் நடையில் கண் நின்றுவிட்டது. சுவரோரமாக வெள்ளைப் பெயின்ட் அடித்த ஒல்லிக் கால் மேஜை, அதற்கு மேலே வட்டக் கண்ணாடி, மேஜை மீது பீங்கான் ஜாடி, அதில் காகிதப் பூ. இந்தப் பக்கம் பித்தளை உருளி, அந்தப் பக்கம் ஒரு மண் குதிரை, மூலையில் பழைய தையல் மிஷின் ஸ்டாண்டுக்கு மஞ்சள் வர்ணம் பூசி அதன்மேல் புத்தர் தலை. "எல்லாம் நானே பார்த்துப் பார்த்து வாங்கி வச்சதுடி" என்று அவள் சொன்னபோது முகத்தில் அத்தனை பூரிப்பு.

அந்த நேரம் அவளுடைய பெரியம்மா வந்தார்கள். எழுபது வயதிருக்கும், முழங்கால் வலிக்காரர். வார் வைத்த செருப்பு. அதைக் கழற்ற ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று, குனிய முடியாமல் தடுமாறி, மறு கையை அந்த ஒல்லிக் கால் மேஜையில் ஊன்றினார்கள். மேஜை ஆடியது. ஜாடி சாய்ந்தது. நாலு பேர் ஓடினோம். யாரைப் பிடிக்க என்கிறீர்கள்? ஜாடியைத்தான்! பெரியம்மா தானாகச் சுவரைப் பிடித்து நின்றுகொண்டார்கள். "ஒண்ணும் ஆகலையே, ஜாடிக்கு?" என்று அவர்களே கேட்டதுதான் எனக்குச் சுருக்கென்றது.

தோழியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அதே காரியத்தை அவளுக்கு முன்னாடியே செய்தவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு மதுரையில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. வாசலில் ஒன்பதடி நீளம், நாலடி அகலத்தில் ஒரு வராண்டா, முன்னால் கம்பி கிரில். அவ்வளவுதான் எங்கள் 'நடை'. அந்த வராண்டாவில் ஒரு மரப் பெஞ்சு கிடந்தது. வேப்ப மரம். ஐந்தடி நீளம், ஒன்றரை அடி அகலம், தடிப் பலகை. திருமங்கலம் பக்கம் என் மாமனாரின் கிராமத்து வீட்டுத் திண்ணையில் இருந்தது அது. மாமா இறந்த பிறகு 2016-ல் அந்த வீட்டைப் பாகம் பிரித்து விற்றார்கள். அவரவர் அண்டா, குத்துவிளக்கு, பீரோ என்று எடுத்துக்கொண்டபோது என் மாமியார், "எனக்கு அந்தப் பெஞ்சு போதும்" என்று சொல்லி மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

எனக்கோ அந்தப் பெஞ்சைக் கண்டாலே ஆகாது. பலகை முழுக்கக் கறுப்பேறி, கால்களில் எந்தக் காலத்திலோ அடித்த பச்சைப் பெயின்ட் செதில் செதிலாக உரிந்து, நடுவில் ஆணியால் கீறியது போலக் கோடு கோடாக இருக்கும். வருகிறவர்கள் முதலில் பார்ப்பதே இதைத்தானே என்று எனக்கு ஒரே கூச்சம். "தூக்கிப் போட்டுட்டு ரெண்டு பிளாஸ்டிக் சேர் போடலாமே" என்று என் வீட்டுக்காரரிடம் பலமுறை சொல்லிப் பார்த்தேன். "அம்மா இருக்கிற வரைக்கும் அந்தப் பேச்சை எடுக்காதே" என்று முடித்துவிட்டார். சரி, தூக்கிப் போட முடியாவிட்டால் அழகாக்கிவிடலாமே என்று முடிவு செய்தேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். வாசலை அலங்கரிப்பதை வெட்டி வேலை, வீண் செலவு என்று கேலி செய்யும் ஆண்களை எனக்குப் பிடிக்காது. வீட்டில் நமக்கென்று இருப்பது அடுப்படி. அங்கே நாம் செய்வதெல்லாம் அன்றைக்கே தின்று தீர்ந்துவிடும். துவைத்தது மறுநாள் அழுக்காகும். நாம் கையால் செய்த ஒன்று நாலு நாள் அப்படியே நிற்கிறது, அதை நாலு பேர் பார்த்து "நல்லா இருக்கே" என்கிறார்கள் என்றால் அந்தச் சந்தோஷம் சின்ன விஷயமா? நம் அம்மா, பாட்டி எல்லாம் விடியும் முன் எழுந்து சாணம் தெளித்துக் கோலம் போட்டதும் அந்தச் சந்தோஷத்துக்கும் சேர்த்துத்தான். செம்மண்ணும் சுண்ணாம்பும் மாற்றி மாற்றிப் பட்டை அடித்த திண்ணையைவிட அழகான வாசல் எங்கே இருக்கிறது? ஆக, அலங்காரம் தப்பே இல்லை. எங்கே தப்பு வந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அத்தை என் நாத்தனார் வீட்டுக்குப் பத்து நாள் போயிருந்த சமயம் பார்த்து வேலையில் இறங்கினேன். பெயின்டரைக் கூப்பிட்டால் கூலி கேட்பார் என்று நானே செய்தேன். எப்படிச் செய்தேன் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். பழைய பெஞ்சு, முக்காலி, அலமாரி வைத்திருக்கும் தோழிகளுக்கு உதவும்.

முதலில் சோப்புத் தண்ணீரில் தேங்காய் நார் வைத்துத் தேய்த்துக் கழுவி இரண்டு நாள் நிழலில் காயவிட்டேன். ஈரம் இருந்தால் பெயின்ட் பின்னால் கொப்புளம் கட்டிவிடும். பிறகு உப்புத்தாள். முதலில் கரடுமுரடான 80 நம்பர், அடுத்து 120, கடைசியில் மெல்லிய 220. மர வாட்டத்தோடுதான் தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் கீறல் தெரியும். கை வலி கண்டுவிட்டது, போங்கள்!

இதிலும் நான் ஒரு தப்புச் செய்தேன். கால்களில் இருந்த அந்தப் பழைய பச்சைப் பெயின்ட்டை உலர்ந்தபடியே தேய்த்தேன். தூள் பறந்தது. சின்னவன் அங்கேயே விளையாடிக்கொண்டிருந்தான். பழைய பெயின்ட்டில் ஈயம் கலந்திருக்கும், அந்தத் தூள் பிள்ளைகள் வயிற்றுக்குள் போனால் மூளை வளர்ச்சியையே பாதிக்கும் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. நம் நாட்டில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-ல்தான் மத்திய அரசு விதி போட்டது. 2017 நவம்பர் 1 முதல்தான் அது நடைமுறைக்கு வந்தது. ஆகவே அதற்கு முந்தைய காலத்துப் பெயின்ட்டைத் தொட்டால் சந்தேகத்தோடுதான் தொட வேண்டும். தண்ணீர் தொட்டுத் தொட்டு ஈரமாகவே தேயுங்கள், மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் கிட்டே விடாதீர்கள். தூளைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். புதுப் பெயின்ட் வாங்கும்போது டப்பாவில் ஈயம் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

தேய்த்த பிறகு மர பிரைமர் ஒரு கோட். அது காய்ந்ததும் விரிசல், ஆணி ஓட்டை எல்லாவற்றுக்கும் பட்டி பார்த்தேன். பலகை நடுவில் இருந்த அந்தக் கீறல் கோடுகளையும் விடவில்லை. ஒன்று விடாமல் பட்டி வைத்து அடைத்து, மறுபடி உப்புத்தாள் போட்டுக் கண்ணாடி மாதிரி மழமழவென்று ஆக்கிவிட்டேன். அதன்மேல் மயில் நீல எனாமல் இரண்டு கோட். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் ஒரு ராத்திரி முழுக்க விட வேண்டும். தொட்டுப் பார்த்தால் காய்ந்தது போல இருக்கும், நம்பி எதையும் வைக்காதீர்கள். ஒரு வாரமாவது போனால்தான் உள்ளே கெட்டிப்படும், அதற்குள் பாரம் வைத்தால் தடம் விழுந்துவிடும். கால்களுக்கு மட்டும் மஞ்சள் அடித்தேன். ஓரங்களில் வெள்ளையில் சின்னதாக மாங்காய் டிசைன், என் மகள் வரைந்தது. சாமான் செலவு எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறுக்குள் முடிந்தது.

அப்பப்பா, எப்படி இருந்தது தெரியுமா! தெருவில் போகிறவர்கள் கிரில் வழியாக எட்டிப் பார்த்தார்கள். சும்மா விடலாமா? விளக்குத்தூண் பக்கம் போய் ஒரு பித்தளை உருளி வாங்கினேன். மானாமதுரை மண் ஜாடி ஒன்று ஏற்கெனவே வீட்டில் இருந்தது, அதற்கும் வர்ணம். கொலுவில் வைக்கிற விளாச்சேரி பொம்மைகளில் செட்டியார் ஜோடியை எடுத்து வைத்தேன். ஒரு பக்கம் மணிபிளான்ட். உருளியில் தண்ணீர் விட்டுச் செவ்வந்தி மிதக்கவிட்டு எல்லாவற்றையும் பெஞ்சின் மேல் வரிசையாக அடுக்கினேன். அக்கம்பக்கத்து அக்காமார்கள் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் தரையிலேயே நிற்கவில்லை.

அத்தை ஊரிலிருந்து வந்தார்கள். படியேறி வந்து பெஞ்சைப் பார்த்தார்கள். பொம்மைக்கும் ஜாடிக்கும் நடுவில் கையை விட்டுப் பலகையை ஒரு தடவை தடவிப் பார்த்தார்கள். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்!

அதற்கப்புறம் நடந்ததை நான் கவனிக்கவே இல்லை. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. அத்தைக்குத் தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாக வேண்டும். அவரைக்காய் நறுக்குவதென்றாலும், கீரை ஆய்வதென்றாலும் அங்கேதான். பூக்கார அம்மா கூடையை இறக்கி வைத்து அந்தப் பெஞ்சில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போகும். இஸ்திரி வண்டிக்காரர் துணி மூட்டையை அதில்தான் வைத்து எண்ணுவார். ஸ்கூல் விட்டு வரும் பிள்ளைகள் ஷூ கழற்றுவதும் அதில்தான். இத்தனையும் தினம் என் கண் முன்னால் நடந்ததுதான். ஆனால் உருளியை அங்கே வைத்தபோது ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

இஸ்திரிக்காரர் மூட்டையைத் தரையில் வைக்க ஆரம்பித்தார். பிள்ளைகள் படியில் உட்கார்ந்து ஷூ கழற்றினார்கள். அத்தை உள்ளறையில் கட்டிலில் உட்கார்ந்து டி.வி. பார்க்க ஆரம்பித்தார்கள். "இப்ப எல்லாம் சீரியல்ல நல்ல ஈடுபாடு வந்துருச்சு உங்களுக்கு" என்று நான் கேலிகூடப் பண்ணினேன். அவர்கள் சிரித்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் பூக்கார அம்மா முழம் போட்டுக்கொண்டே, "பெரியம்மா இன்னும் மக வீட்லருந்து வரலையா தாயி?" என்று கேட்டது. "வந்து பதினேழு நாளாச்சே" என்றேன். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. பெஞ்சைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, "ஓ... வந்துட்டாகளா" என்று கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

பதினேழு நாள்! ஒரே வீட்டுக்குள் இருக்கும் ஒரு மனுஷி தெருவையே பார்க்காமல் பதினேழு நாள் இருந்திருக்கிறார். தெருவுக்கும் அவர் இருப்பது தெரியவில்லை. அவருக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உட்கார இடம்தான் இல்லை. அந்த இடத்தில் நான் செட்டியார் பொம்மையை உட்கார வைத்திருந்தேன்.

"ஏன் அத்தை ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? எடுத்து வச்சிருப்பேனே" என்று கேட்டேன். "நீ ஆசையா செஞ்சிருக்க. நான் போயி அதுல உக்காந்து உடைச்சிட்டேன்னா?" என்றார்கள். மாமியார்கள் மருமகளைக் குத்திப் பேசுவார்கள் என்றுதானே எல்லாக் கதையிலும் வருகிறது? குத்தியே பேசியிருந்தால் எனக்கு அன்றைக்கே விளங்கியிருக்கும்.

அன்றைக்கே எல்லாவற்றையும் பெஞ்சிலிருந்து எடுத்தேன். அதன் பிறகு யார் வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் வாசலைத்தான் பார்க்கிறேன். வராண்டா வைத்து, சிட் அவுட் வைத்து, ஊஞ்சல் தொங்கவிட்டுக் கட்டுகிறார்கள். அதில் யார் உட்காருகிறார்கள்? ஊஞ்சலில் பூந்தொட்டி, நாற்காலியில் கரடி பொம்மை, பெஞ்சில் புத்தர். பழைய மரச் சாமானுக்கு வர்ணம் அடித்து வாசலில் வைக்கிற பழக்கம் இப்போது நன்றாகப் பரவியிருக்கிறது. காரைக்குடிக்குப் போய்ப் பழைய சாமான் கடைகளில் தூண், கதவு, பெட்டி என்று விலை கொடுத்து வாங்கி வருகிறார்கள். வாங்கட்டும், விறகாகப் போகாமல் இருப்பது நல்லதுதான். ஆனால் முக்காலி என்பது உட்கார. அதற்கு வர்ணம் அடித்த மாத்திரத்தில் அது ஏன் சாமி சிலை மாதிரித் தொடக் கூடாததாக மாற வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

நம் ஊர்த் திண்ணையை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்குள்ளே விட முடியாத அந்நியனுக்கும் அங்கே இடம் உண்டு. வழிப்போக்கன் படுத்துவிட்டு விடிந்ததும் எழுந்து போவான். வாத்தியார் வந்து உட்கார்ந்தால் அதுவே பள்ளிக்கூடம், திண்ணைப் பள்ளிக்கூடம் என்றே அதற்குப் பெயர். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பளபளவென்று கண்ணாடி மாதிரித் திண்ணை இழைத்திருப்பார்கள். அதையும் உட்காரத்தான் இழைத்தார்கள். (எல்லாச் சாதிக்காரருக்கும் எல்லாத் திண்ணையிலும் இடம் இருந்ததா என்றால் இல்லை. அந்தக் காலம் எல்லாம் தங்கம் என்று நான் சொல்ல மாட்டேன்.) நகரத்தில் மனைக்கு விலை ஏற ஏறத் திண்ணை போய் கிரில் வந்தது. பிறகு கிரிலுக்கு உள்ளே பைக் வந்தது. மிச்சம் இருக்கிற ரெண்டு முழத்தை நாம் பொம்மைக்குக் கொடுத்துவிட்டோம்.

"இந்தக் காலத்தில் யார் வீட்டுக்கு வருகிறார்கள்? வந்தாலும் நேராக ஹால் சோபாவுக்குத்தானே போகிறார்கள்?" என்று சில தோழிகள் கேட்கலாம். என் தங்கையே கேட்டாள். சரி, சோபா வரைக்கும் வருகிறவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். சொந்தக்காரர், சிநேகிதர். காஸ் சிலிண்டரை மாடி வரை தூக்கி வந்து மூச்சு வாங்க நிற்கும் ஆள் வருவாரா? கூரியர் பையன் வருவானா? ஓட்டர் லிஸ்ட் சரிபார்க்க வெயிலில் அலைகிற டீச்சரம்மா? இவர்களை நாம் உள்ளேயும் கூப்பிட மாட்டோம், வாசலிலும் உட்காரச் சொல்ல இடம் வைக்க மாட்டோம். நின்றுகொண்டே கையெழுத்து வாங்கிவிட்டுப் போக வேண்டியதுதான். இவர்களுக்கும் சேர்த்துத்தான் வாசல் என்று நான் நினைக்கிறேன். யோகம் வரட்டும் என்று கழுதைப் படமும், திருஷ்டிக்குப் பூசணியும், படிகாரமும் கட்டுகிறோமே, அது வரும்போது வரட்டும். வேர்த்து விறுவிறுத்து வந்த மனுஷன் இதோ வந்து நிற்கிறான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் தங்கை சென்னையில் அடுக்குமாடி ஒன்றில் மூன்றாவது மாடியில் இருக்கிறாள். அங்கே வீட்டு வாசல் என்பது பொது நடைபாதை. அவரவர் கதவுக்கு வெளியே ஷூ ரேக், அதன் மேல் பூந்தொட்டி, பக்கத்தில் வர்ணம் அடித்த டிரம், சக்கரம் வைத்த அலங்கார வண்டி என்று போட்டி. ஒரு ராத்திரி எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு நெஞ்சுவலி. 108 வந்துவிட்டது. ஸ்ட்ரெச்சரை லிப்ட் பக்கம் திருப்ப முடியவில்லை. அந்த இருட்டில் தொட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, ஒன்று உடைந்து மண் கொட்டி, வழுக்கி... தாத்தா பிழைத்துக்கொண்டார், அது அவர் நல்ல நேரம். தீப்பிடித்தால் எல்லோரும் ஓடி வர வேண்டிய வழியும் அதுதானே? கதவுக்கு வெளியே இருக்கிற இடம் நமக்குச் சொந்தமில்லை. அதை எவ்வளவு அழகாக அடைத்தாலும் அடைப்பு அடைப்புதான். தங்கை இப்போது தன் ஷூ ரேக்கைக் கதவுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டாள். மற்றவர்களுக்குச் சொல்லப் போய் அசோசியேஷன் மீட்டிங்கில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

உருளி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். உருளியில் தண்ணீர் விட்டுப் பூ மிதக்க விடுவது பார்க்க லட்சுமிகரம். ஆனால் டெங்கு கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை, இந்த மாதிரி நல்ல தண்ணீரில்தான் இடும். முட்டை பறக்கிற கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் பிரயோஜனமில்லை. முட்டை பாத்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே மூன்று நாளுக்கு ஒரு தடவையாவது புளி போட்டுத் தேய்த்துக் கழுவி ஊற்றுங்கள். பித்தளையும் பளபளவென்று இருக்கும். மணிபிளான்ட் பாட்டிலும் பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டும் இதே கணக்குத்தான்.

இப்போது எங்கள் வராண்டா எப்படி இருக்கிறது என்றால், மயில் நீலப் பெஞ்சு அப்படியேதான் இருக்கிறது. அதன்மேல் ஒன்றும் கிடையாது. மண் ஜாடிக்கும் பொம்மைக்கும் சுவரில் ஆள் தலைக்கு மேலே ஒரு சின்னப் பலகை அடித்துக் கொடுத்தார் என் வீட்டுக்காரர். உருளி வாசற்படிக்குப் பக்கத்தில், கால் படாத மூலையில் இருக்கிறது. நிலைக்குப் பக்கத்தில் இடுப்பு உயரத்தில் ஒரு கைப்பிடிக் கம்பி போட்டேன், வயசானவர்கள் பிடித்துக்கொண்டு செருப்புக் கழற்ற. ஸ்டீல் கம்பிதான், அதற்கும் மஞ்சள் வர்ணம் அடித்துவிட்டேன் (ஆசை விடுமா?). அழகு கொஞ்சமும் குறையவில்லை. தோழிகள் இப்போதும் படம் எடுக்கிறார்கள். நாலு மணிக்கு மேல் வந்தால் படத்தில் அத்தையும் இருப்பார்கள், முறத்தில் கீரையோடு.

பூக்கார அம்மா முதல் நாள் உட்காரத் தயங்கியது. "பெயின்ட் ஒட்டுமா தாயி?" என்றது. அத்தைதான், "அதெல்லாம் காஞ்சு கெட்டிப்பட்டுருச்சு, உக்காரு" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

ஒன்று மட்டும் சரியாகவில்லை. அந்தப் பலகை நடுவில் இருந்த கீறல் கோடுகள் என்று சொன்னேனே, அது என்ன என்று பிறகு என் நாத்தனார் போனில் சொல்லித்தான் தெரிந்தது. "அப்பா ஆடுபுலி ஆட்டம் ஆடுற கட்டம் அதுலதானே இருந்துச்சு, அதையும் அடைச்சிட்டியா?" என்று கேட்டார்கள். எனக்குத் திக்கென்றது. மாமா சின்ன வயசில் ஆணியால் கீறிய கட்டமாம் அது. மூன்று புலிக்கு மூன்று கல், பதினைந்து ஆட்டுக்குப் புளியங்கொட்டை. ஊரில் இருந்தவரை தினமும் மத்தியானம் அதில்தான் ஆட்டமாம். ஆள் கிடைக்காத நாளில் அத்தையோடு ஆடுவாராம், அத்தைதான் எப்போதும் ஆடு. அன்றைக்குப் பொம்மைக்கும் ஜாடிக்கும் நடுவில் கையை விட்டு அத்தை எதைத் தேடினார்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

பலகையை இழைத்துவிடலாம் என்றார் ஆசாரி. இழைத்தால் பெயின்ட்டோடு கோடும் போய்விடும். ரசாயன மருந்து தடவிப் பெயின்ட்டை உரிக்கலாம், ஆனால் கீறலுக்குள் இறங்கிக் கெட்டியான பட்டி வருமா என்பது சந்தேகம் என்கிறார் பெயின்டர். "நான் வெள்ளைப் பெயின்ட்ல அதே மாதிரி வரைஞ்சு தரேன் அப்பத்தா" என்றாள் என் மகள். அத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போதும் பேச்சுக்கு நடுவே அவர்கள் விரல் அந்த இடத்தில் போய் நிற்பதைப் பார்க்கிறேன்.

மரத்தில் பழைய கீறலைக் கெடுக்காமல் அதற்குள் இருக்கிற பட்டியை மட்டும் எடுத்து அனுபவப்பட்ட தோழிகள் யாராவது இருந்தால், எப்படி என்று இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன். ஊசியால் குத்திக் குத்தி எடுக்க வேண்டும் என்றாலும் பரவாயில்லை, எடுக்கிறேன்.

- ஒரு வாசகி, மதுரை.